பென்ஜமினின் நாரிநோ

டோர்ட்மண்டுக்கு வெளியே ஒரு கோல்ஃப் கிளப்பின் உணவகத்தில் பென்ஜமின் சமையல்காரர். அகதியாக வந்து, கோப்பை கழுவத் தொடங்கி, அடுப்படிக்கு உயர்ந்தவர். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் மட்டை வீசுவதை வருடக்கணக்காகப் பார்த்து, வேலைவெட்டி இல்லாதவர்களின் விளையாட்டு என்று முணுமுணுத்தவரும் அவர்தான். கடைசியில் அந்த விளையாட்டிலேயே போய் விழுந்தார்.

காரணம் இருந்தது. மனைவி றீற்றாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் இழுத்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. கட்டிலிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து கழிப்பறைக்கு என்று பென்ஜமின்தான் அவளைத் தூக்கினார். அவர் வேலைக்குப் போகும் நேரம் மட்டும் பராமரிப்புச் சேவையிலிருந்து ஒரு பெண் வந்து இருப்பாள். மதியச் சமையல் முடிந்து, அந்தப் பெண் புறப்படுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். இடையில் மிஞ்சிய கொஞ்ச நேரத்தில்தான் கிளப் பயிற்சியாளர் ஒருநாள் அவர் கையில் மட்டையைக் கொடுத்தார். பந்து எழும்பிப் போய்க் கண்ணுக்கு மறைந்தபோது, மனுசனுக்கு நெஞ்சிலிருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. பிறகு விடுவாரா?

ஆனால் ஒருவருக்கும் சொல்லவில்லை. மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வருகிற சனத்தின் வாயை அவர் அறிவார். பெண்சாதி படுத்த படுக்கையாய்க் கிடக்க, இவர் பணக்காரர் விளையாட்டு விளையாடுகிறார் என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஊர் முழுக்கப் பரவிவிடும். றீற்றாவிடமும் மறைத்தார். அவள் ஒரு கையை அசைக்க முடியாமல் கிடக்கையில், நான் கை வீசி விளையாடிவிட்டு வந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

பயிற்சியாளர் நல்ல மனிதர். முதலில் கொஞ்சம் நட, இடுப்பை மெல்லத் திருப்பு, சின்ன மட்டையால் பாதி வீச்சு வீசிப் பார், அதற்குப் பிறகு பெரிய மட்டையைத் தொடு என்று படித்துப் படித்துச் சொன்னார். பென்ஜமினுக்கு ஏது நேரம்? அடுப்பு வெக்கையில் வெந்த உடம்பு, இதற்கு மேல் என்ன சூடேற்றுவது என்று சிரித்துவிட்டு, வந்த வேகத்தில் முழு வீச்சு வீசினார். அடுப்படியில் நின்றால் வியர்க்குமே தவிர, முதுகும் இடுப்பும் சேரும் நாரி இளகாது. அது அந்த மனுசனுக்கு விளங்கவில்லை.

நாரி பிடித்து நோகத் தொடங்கியது. எண்ணெய் பூசி, மாத்திரை போட்டு, மறுநாளும் வீசினார். ஏன் நொண்டுகிறீர்கள் என்று கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம், றீற்றாவைத் தூக்குகிறேன், அதுதான் என்றார். நோ காலுக்கு இறங்கியபோது வைத்தியர் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அனுப்பினார். அங்கே சிகிச்சை கொடுத்தவள் தேனுஜா, அதே கோயிலுக்கு வருகிற குடும்பத்துப் பிள்ளை. விளையாட்டு ஏதும் உண்டா என்று கேட்டாள். பென்ஜமின் அவளிடமும் அதே பொய்யைச் சொன்னார்.

பாவம், நோயாளி சொன்னதை நம்பித்தானே அவள் வழி சொல்ல முடியும்? முழங்காலை மடித்து, உடம்போடு அணைத்துத் தூக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தாள். பென்ஜமின் அச்சொட்டாக அப்படியே தூக்கினார். மட்டையைப் பழையபடியே வீசினார். குளிர்ந்த மதியம் ஒன்றில், வீச்சின் பாதியில் நாரிக்குள் ஏதோ அறுந்ததுபோல இருந்தது. புல்லிலே விழுந்தார். முதுகெலும்பின் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை நெரித்துவிட்டது.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்துக்கு றீற்றாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே பார்க்கப் போன யாரோ ஒருத்தி, உம்மைத் தூக்கித் தூக்கியே அந்த மனுசன் முறிந்துபோனார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மாதங்கள் கழித்து, நடக்கத் தொடங்கிய பிறகுதான் பென்ஜமின் தேனுஜாவிடம் உண்மையைச் சொன்னார்.

"முதலே சொல்லியிருக்கலாமே மாமா. நோ வந்த உடனே கொஞ்ச நாள் வீசாமல் விட்டிருந்தாக் காணும், அதுவே போதும்," என்றாள். ஆளைத் தூக்கும் கருவி ஒன்று எடுத்தால் றீற்றா மாமி இல்லத்திலிருந்து வீட்டுக்கு வரலாம் என்றும் சொன்னாள்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இல்லத்துக்கு ஓடினார். றீற்றா வரமாட்டேன் என்றுவிட்டாள். தன்னால் அவர் இன்னொருதரம் விழக்கூடாது என்றாள். பென்ஜமின் மட்டை, பந்து, பொய் என்று ஒன்றும் விடாமல் ஒப்புவித்தார். அவள் பாதி வாயால் சிரித்தாள்.

"கோல்ஃபோ? நீங்களோ? என்னைக் கூட்டிக்கொண்டு போறதுக்கு இப்பிடியும் ஒரு கதையோ?"

"சத்தியமா, றீற்றா. உம்மாலை நான் விழேல்லை."

அடுத்த கிழமை பயிற்சியாளரையே கூட்டி வந்து சொல்ல வைத்தார். அவர் போன பிறகு, பாவம் அந்த வெள்ளைக்காரரையும் பொய் சொல்ல வைத்துவிட்டீர்களே என்று றீற்றா வருந்தினாள். கோயிலில் பென்ஜமின் சொன்ன பொய் அவளுக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது. அதைப் பிடுங்கி எடுக்க அவருக்கு வழி தெரியவில்லை. கட்டிலோரம் இருந்து வாய்விட்டு அழுதார்.

பார்வை நேரம் முடிந்தது. றீற்றா நல்ல கையால் அவருடைய நாரியை மெல்லத் தடவினாள்.

"நாளைக்கு வருவியளோ?"

"ஓம், வாறன்."

"வரேக்கை பாரமா ஒண்டும் தூக்கிக்கொண்டு வராதேங்கோ. நான் செய்த அநியாயம் காணும்."