அண்ணன் நடப்பான், தம்பி சுடுவான்

கேம் சென்டர் நடத்துகிறவனுக்கு விளையாடத் தெரிய வேண்டியதில்லை, சத்தம் தாங்கத் தெரிந்தால் போதும். சின்ன காஞ்சிபுரத்தில், பகலெல்லாம் தறி ஓசை கேட்கும் ஒரு தெருவில், இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் நான் அந்தத் தொழிலில் இருந்தேன். சில டிவிகள், சில மெஷின்கள், தலையை ஆட்டி ஆட்டி யாருக்கும் காற்று தராத ஒரு மேசை விசிறி. கடை திறந்து வைத்துவிட்டு, ஆள் வராத மத்தியானங்களில் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே ஜாதி. உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ரேஸ் கேம், ஃபைட் கேம் எல்லாம் இருந்தன. ஆனால் கடையை ஓட்டியது பேய் பங்களாதான். சிடி மேல் இங்கிலீஷில் வேறு என்னவோ பேர் போட்டிருக்கும், எங்கள் தெருவில் அதன் பேர் பேய் பங்களா. மலை மேல் ஒரு பாழடைந்த வீடு. செத்தவர்கள் உள்ளே நடமாடுவார்கள். நாம் தனி ஆள். கையில் ஒரு துப்பாக்கி, கொஞ்சம் குண்டு. ஜெயித்துக் கோப்பை வாங்குகிற ஆட்டமில்லை, உயிரோடு வெளியே வந்தால் போதும் என்கிற ஆட்டம். சொந்தமாகக் கடை வைத்தவனுக்கு இது புரியாமல் போகுமா?

அமாவாசை கூட்டம்

எங்கள் பக்கம் நெசவாளிகளுக்கு அமாவாசைதான் லீவு. அன்றைக்குத் தறி நிற்கும், என் கடை நிரம்பும். வெளிச்சம் இருந்தால் பேய்க்கு மரியாதை இல்லை என்று ஜன்னலைச் சாத்தி, வாசலுக்கு ஒரு பழைய போர்வையைத் தொங்கவிடுவேன். எதிர்வீட்டு ராணியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அமாவாசை அதுவுமாக நடு மத்தியானம் இருட்டாக்கி வைத்துப் பேயைக் கூப்பிடுகிறவனைத் தெருவில் வைத்திருப்பதா என்று சண்டைக்கு வந்தார். கடைசியில் மாதாமாதம் கடை திறக்கும்போது திருஷ்டி பூசணிக்காய் உடைத்துவிட வேண்டும் என்று ராஜியானோம்.

நானும் தவறாமல் உடைத்தேன். ஒருநாள் பூசணிக்காய் வேலை செய்கிறதா என்று பார்க்க உள்ளே வந்தார். டிவியில் செத்தவன் ஒருவன் சமையல்கட்டிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தான். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ ஒடைச்ச பூசணிக்கா நம்ம ஊரு பேய்க்குதாம்பா புடிக்குது. இது வெளியூரு, இதுக்கு ஒண்ணும் ஆவல."

ஒரு ரிமோட், ரெண்டு பேர்

இனி கடையின் நாயகர்களைச் சொல்கிறேன். ஏகாம்பரம் அண்ணன், சண்முகம் தம்பி. கோர்வைப் புடவை நெய்கிறவர்கள். கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒருவன் தறியில் உட்கார்ந்து உடலை நெய்ய, பக்கத்தில் இன்னொருவன் உட்கார்ந்து கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ள வேண்டும். மீசை முளைக்காத காலத்திலிருந்து அந்த ரெண்டு பேரும் அப்படி ஒரே தறியில் உட்கார்ந்தவர்கள்.

பேய் பங்களா ஒருவர் ஆடுகிற ஆட்டம். இவர்கள் வந்தார்கள், ஒரே ரிமோட்டை நடுவில் வைத்துக்கொண்டார்கள். இடது பக்கப் பட்டன்கள் அண்ணனுக்கு, அவன் ஆளை நடத்துவான். வலது பக்கம் தம்பிக்கு, அவன் சுடுவான். அந்த ஆட்டத்தில் நடப்பதே ஒரு வித்தை. சந்துக்குள் லாரியை ரிவர்ஸ் எடுப்பது மாதிரி நின்ற இடத்திலேயே திருப்பித் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அண்ணன் ரெண்டு பிணங்களுக்கு நடுவில் தோள் படாமல் போய்விடுவான். அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். சும்மா நிற்க வெட்கப்பட்டவர்கள் பக்கத்து மெஷினில் உட்காருவார்கள், என் பிழைப்பு ஓடியது அதில்தான். ஆளுக்கு ஒரு ஆட்டம் மாற்றி மாற்றி ஆடலாமே என்று ஒருமுறை கேட்டேன். ஏகாம்பரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ரெண்டு கையும் ஒருத்தனே வெச்சிக்கினா பக்கத்துல இருக்கறவன் என்னாபா பண்ணுவான்?"

குண்டும் ஜரிகையும்

ஜரிகையை முதலாளி நிறுத்துத்தான் கொடுப்பார். துண்டு துணுக்குக்குக்கூட கணக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கையோடு வந்தவனிடம் துப்பாக்கியைக் கொடுத்தால் என்ன ஆகும்? "சுடட்டுமாண்ணா?" என்பான் சண்முகம். "வாணாம், சுத்திக்கினு பூடலாம்" என்பான் ஏகாம்பரம். ஆட்டம் முழுக்க இதே பேச்சுதான்.

ஒரு அமாவாசையன்று கடைசி அறை வரைக்கும் போய்விட்டார்கள். கடையில் மூச்சு விட இடமில்லை. பெரிய பூதம் ஒன்று வந்தது. பை நிறைய குண்டு இருக்கிறது, அண்ணன் இன்னும் சுற்றிக்கொண்டே போகிறான். பூதம் ஒரே அடி. கதை முடிந்தது. கூட்டம் தலையில் கை வைத்தது. ஏகாம்பரம் மட்டும் அசையாமல், மிச்சம் பிடித்தால்தானே நாளைக்கு ஆகும் என்றான். சண்முகம் ரிமோட்டைக் கீழே வைத்தான். "நாளைக்கு யாருண்ணா இருக்கப் போறாங்க, இங்கதான் செத்துட்டோமே."

மாகறல் சம்பந்தம்

அப்புறம் ஒரு நாள் அந்த நாற்காலிகள் காலியாகிவிட்டன. தம்பிக்கு அண்ணன் மாகறலில் பெண் பார்த்துப் பேசி முடித்திருந்தான். தம்பி தென்னேரிப் பெண் ஒருத்தியை விரும்பினான், அவளையே கட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவில் குடிபோய்விட்டான். மாகறல்காரர்கள் எதிரில் தலை குனிந்து நின்றதை அண்ணனால் மறக்க முடியவில்லை. பேச்சு வார்த்தை நின்றது. கோர்வைத் தறியும் நின்றது, அண்ணன் சாதாப் புடவை நெய்ய ஆரம்பித்தான்.

ரெண்டு பேரும் கடைக்கு வந்தார்கள், தனித்தனியாக. அண்ணன் காலையில், தம்பி சாயங்காலம். அண்ணன் அருமையாக நடப்பான், சுட வேண்டிய இடத்தில் வலது கை சும்மா கிடக்கும். தம்பி குறி தவறாமல் சுடுவான், ஆனால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு. ரெண்டு பேரும் பங்களா வாசலைத் தாண்டுவதற்குள் செத்தார்கள். இதைப் பார்க்க யார் வருவார்கள்? கூட்டம் கரைந்தது, கடை படுத்தது. ஆடி முடிந்ததும் சாமான்களை விற்றுவிட்டு சென்னைக்கு வந்து தன் பெயிண்ட் கடையில் உட்காரச் சொன்னார் மாமா. நானும் சரி என்று சொல்லிவிட்டேன். கடையை விட மனசில்லை, பொய் சொல்வானேன். ஏகாம்பரத்திடம் தம்பியைப் பற்றி மெதுவாகப் பேச்செடுத்தேன். "அவன் பேரை எடுக்காதபா. மெஷினைப் போடு."

பேய் நேரத்துக்கு வரவில்லை

அப்போதுதான் காதில் விழுந்தது. பேய் பங்களாவை முதலிலிருந்து புதுசாகச் செய்து விட்டிருக்கிறார்களாம். அதே வீடு, அதே கதை, படம் மட்டும் சினிமா மாதிரி. ஆனால் பழைய மெஷினில் ஓடாதாம். போகிற கடை, ஒரு கை பார்த்துவிடலாம் என்று என் டிவிஎஸ் வண்டியை விற்று, பர்மா பஜாருக்கு பஸ்ஸில் போய் வாங்கி வந்தேன். புதுசைப் பார்க்கும் ஆசையிலாவது ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் வர மாட்டார்களா என்று ஒரு நப்பாசை.

முதலில் மாட்டியது டீக்கடை பாஷா பாய். பழைய ஆட்டத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு அலமாரி உண்டு. பக்கத்தில் போனால் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருத்தன் மேலே விழுவான். டீ கொண்டுவந்து கொண்டுவந்து பாய்க்கு அது மனப்பாடம். புதுசு ஓடிய அன்று, "தோ வர்றான் பாரு" என்று எல்லோரையும் உஷார்படுத்திவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்து, இவ்வளவுதானா என்று சிரித்து, டீ கிளாஸ்களை எடுத்து நீட்டினார். ஆட்டக்காரன் திரும்பி வருகிற வழியில் அலமாரி திறந்தது. அத்தனை டீயும் என் மேல். பாய் என் சட்டையைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "பழைய பேய் மேல ஒரு நம்பிக்கை இருந்துச்சுபா. சொன்ன டைமுக்கு வரும்."

சார் சொன்ன தீர்ப்பு

பாய்க்கு ஏற்பட்ட வருத்தம் மற்றவர்களுக்கும் ஏற்பட்டது. பழசுதான் பேய் பங்களா, இது வேறு எவன் வீடோ என்று ஒரு கட்சி. புதுசைப் பார்த்த கண்ணால் பழசைப் பார்க்க முடியுமா என்று இன்னொரு கட்சி. கொஞ்சம் பேர் திரும்பி வந்ததே சண்டை போடத்தான். வந்தார்களே, அதற்கே நான் கும்பிட்டேன்.

கட்டட சொந்தக்காரர் தேசிகன் சார், இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் கைங்கரியக் குடும்பம். சத்தம் தாங்காமல் மாடியிலிருந்து இறங்கி வந்தார். காலி பண்ணச் சொல்லப்போகிறார், மாமா கடைக்கு ஆடி வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம் என்று நினைத்தேன். என்ன சண்டை என்று கேட்டார், சொன்னேன். நின்றபடி பழசைக் கொஞ்சம், புதுசைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு ரெண்டு கட்சிக்கும் பொதுவாகச் சொன்னார்: "அத்தி வரதர் குளத்துக்குள்ளே இருக்கார், சந்நிதியிலே இருக்கறவரைத் தினமும் சேவிக்கிறோம். இதுக்காக யாராவது அடிச்சுக்கறாளா? ரெண்டும் இருக்கட்டும், டிவியை மட்டும் மெதுவா வைங்கோ."

நடுவில் நான்

ஆடி அமாவாசை வந்தது. மத்தியானம், எல்லோரும் வீட்டில் படையல் போட்டுச் சாப்பிடுகிற நேரம். கடையில் சண்முகம் மட்டும். அப்பாவுக்கு அண்ணன் வீட்டில் படையல், இவனை யாரும் கூப்பிடவில்லை. புது பங்களாவில் ஒரு சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தான். போர்வையை விலக்கிக்கொண்டு ஏகாம்பரம் உள்ளே வந்தான், நெற்றி நிறைய விபூதியோடு. தம்பியைப் பார்த்தான். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. என்னிடம் சொன்னான், "அவனை இடது பக்கம் திரும்பச் சொல்லுபா." நான் சண்முகத்திடம் சொன்னேன். சண்முகம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அலமாரி இருக்குதே, சுடணுமான்னு கேளுபா" என்றான். ஒரு முழம் தூரத்தில் நிற்கிறவனிடம் கேட்டுச் சொன்னேன். சுட வேண்டாமாம், தாண்டிப் போக வேண்டுமாம். இப்படியே மாடி ஏறி, வராந்தா தாண்டி, கடைசி அறை வரைக்கும் நான்தான் தந்தி ஆபீஸ். நான் அதுவரை ஆடாத ஆட்டத்தில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பூதம் வந்தது. பழசைவிடப் பெரிசு, பழசைவிட வேகம். "பின்னால போகச் சொல்லு" என்றான் ஏகாம்பரம். நான் வாயைத் திறப்பதற்குள் பூதம் கையை ஓங்கிவிட்டது. ஏகாம்பரம் பெஞ்சில் உட்கார்ந்தான். எப்போது உட்கார்ந்தான், எப்போது இடது பக்கப் பட்டன்களைப் பிடித்தான் என்று எனக்குத் தெரியாது. சண்முகத்தின் இடது கை தானாகவே விலகிக்கொண்டது. ஆள் சரக்கென்று பூதத்தின் பக்கவாட்டுக்கு வந்து நின்றான். "சுடட்டுமாண்ணா?" என்றான் சண்முகம். "சுடுடா," என்றான் ஏகாம்பரம், "மிச்சம் வெச்சி என்னாடா பண்ணப் போறோம், எல்லாத்தையும் சுடு."

பை காலியாகும் வரை சுட்டார்கள். பூதம் விழுந்தது, பங்களாக் கதவு திறந்தது, வெளியே விடிந்திருந்தது. பார்க்கக் கூட்டமே இல்லை, நான் ஒருத்தன்தான் கை தட்டினேன், கண்ணையும் துடைத்துக்கொண்டேன். ஏகாம்பரம் ரிமோட்டை விடாமல், திரையைப் பார்த்தபடியே பேசினான். இதைச் சொல்லத்தான் அவன் சாப்பிடாமல்கூட வீட்டிலிருந்து கிளம்பி வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. "அப்பாவுக்குப் போட்ட இலை அப்பிடியே இருக்குது. அந்தப் பொண்ணையும் கூட்டிக்கினு வா, சேர்ந்து சாப்பிடலாம்."

அடுத்த அமாவாசைக்கே ரெண்டு பேரும் ஒரே ரிமோட்டோடு உட்கார்ந்தார்கள், கூட்டம் தெரு வரைக்கும் நின்றது, மாமாவின் பெயிண்ட் கடைக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது, நேரத்துக்கு வராத அந்தப் பேய் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே வண்டி இல்லாத நான் பல வருஷம் நடந்து போய்க் கடை திறந்தேன், உயிரோடு வெளியே வந்தால் போதும் என்கிற ஆட்டத்தில் கால்வலி எல்லாம் ஒரு கணக்கா?