திரும்பிப் பார்க்காத கரை

என் வயதுக்காரர்களைப் பார்த்து வியப்பது எனக்குச் சுலபமாக வராது. பொறாமை வரும், எரிச்சல் வரும். கல்லூரியில் குழுவாக ஆவணப்படம் எடுத்தபோது மட்டும் ஒருத்தியை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கூட்டாளி, எங்கள் படத்தின் இயக்குநர். குருபோங்கில் ஒரு தாமான் குடியிருப்பில் அம்மாவோடு இருந்தாள். அவள் அப்பா தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது.

சுற்றுச்சூழல் பிரச்சினை ஒன்றைப் படமாக்கச் சொன்னார் விரிவுரையாளர். நான் உடனே தொழிற்சாலைப் புகை என்றேன். வில்லன் தயாராக நிற்கிறான், நாம் போய்க் கேமராவைத் திருப்பினால் போதும். கேமரா பிடிக்கிற பாச்சாங் ஊர்ப் பையனும் தலையாட்டினான். அவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"அடுத்தவன குத்தம் சொல்ற படம் நெறைய இருக்குலா. நாம நம்ம குப்பைய எடுப்போம்."

அவள் சொன்ன குப்பை தஞ்சோங் கிளிங் கடற்கரையில் கிடந்தது. அங்கே ஓரிடத்தில் நம்மவர்கள் காலையில் அஸ்தி கரைக்க வருவார்கள். சட்டியைக் கடலில் விட்டு, மாலையைப் போட்டு, இறந்தவரின் துணிமணியையும் பையோடு விட்டுவிடுவார்கள். சடங்கு செய்து வைப்பவர், "திரும்பிப் பாக்காம போங்க" என்பார். திரும்பினால், போகிற உயிர் நம் முகத்தைப் பார்த்துத் தயங்கி நின்றுவிடும் என்று நம்பிக்கை. எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கார் வரைக்கும் நடப்போம். அதனால் கடல் எதையெல்லாம் கரைக்கே திருப்பித் தள்ளியது என்று ஒருவருக்கும் தெரியாது. வேட்டி, நைலான் கயிற்றில் கட்டிய மாலை, பால் பாக்கெட், பிளாஸ்டிக் தட்டு எல்லாம் பாறை இடுக்கில் சேர்ந்து நாறின. ஒலிப்பதிவு என் வேலை. மைக்கை நீட்டினால் ஈக்கள்தான் பேசின.

அவள் வேலை வாங்கிய விதம் எனக்குப் புதிது. ஒரு குடும்பம் வந்தால், அவர்களுடைய கார் கிளம்பும் வரை கேமரா பையை விட்டு வெளியே வரக்கூடாது. படம் எடுத்து முடித்ததும் கிடந்ததை எல்லாம் நாங்களே பொறுக்கிக் கட்ட வேண்டும். முகம் தெரியாத மனிதர்களின் நனைந்த சட்டைகளை அவள் உதறி, மணலைத் தட்டி, மடித்துத்தான் பையில் வைத்தாள். "குப்பைக்குப் போறதுக்கு எதுக்கு இவ்ளோ மரியாதை?" என்று நான் முணுமுணுத்தேன். அவள் காதில் வாங்கவில்லை.

ஒரு நாள் கேமராக்காரன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து, அழுதுகொண்டிருந்த ஒருவரைத் தூரத்திலிருந்தே எடுத்துவிட்டான். பிரமாதமான காட்சி. அவள் பார்த்துவிட்டு அழிக்கச் சொன்னாள்.

"ஐயோ, இதுக்கே ஃபுல் மார்க் கெடைக்கும்லா!" என்றான் அவன்.

"அவரு அழுவுறத பாக்க நமக்கு என்னடா வேல?"

அவளே வாங்கி அழித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் பஸ்ஸில் வீடு திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அழித்திருக்க மாட்டேன். அன்றைக்குத்தான் அவள் மேல் எனக்கு முழு மரியாதை வந்தது.

அரைகுறையாக வெட்டி ஒட்டியதைப் பார்த்த விரிவுரையாளர், "குப்பை இருக்கு, மனுஷன் எங்கே?" என்று கேட்டார். துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் போய் நிற்கவும் எங்களால் முடியாது. மறுநாள் அவள் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அவள் அப்பாவின் அஸ்தி கரைத்த நாள். சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணனுக்கு அன்று லீவு கிடைக்காததால், அவனுக்காகச் சித்தப்பா எடுத்தது. குடும்பமே முன்னால் பார்த்து நடக்கிறது. சித்தப்பாவும் திரும்பவில்லை. ஆனால் அவர் செல்ஃபி கேமராவில் அண்ணனுக்கு விவரம் சொல்லிக்கொண்டே வருகிறார். அவர் காதுக்குப் பின்னால் கடல் முழுசாகத் தெரிகிறது. சிவப்புப் பை ஒன்று அலையில் ஆடி ஆடிக் கரைக்கு வந்து பாறையில் மாட்டிக்கொள்கிறது.

இதைவிட நல்ல காட்சி எங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் அவள் அம்மா அந்த வீடியோவைப் பார்த்ததே இல்லை. 'அவர ஒரு கொறையும் இல்லாம அனுப்பி வெச்சேன்' என்று அந்த அம்மா எல்லோரிடமும் சொல்வார். அந்த ஒரு ஆறுதலில்தான் அவர் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"காலேஜுலதான போடுறோம், அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்றான் கேமராக்காரன்.

"எங்கம்மா பாக்காம வேற யாரும் பாக்கக் கூடாது. அம்மா வேணாம்னா படமே வேணாம்."

அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சீருடையை மாற்றாமலே எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார். வீடியோ ஓடியது. நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

"அது என்னடி செவப்பா?"

"நம்ம பைம்மா. அப்பா துணி வெச்சுக் கொண்டு போனமே."

அந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திட்டப் போகிறார், இல்லை அழப் போகிறார் என்று நினைத்தேன். மகள் கணினியை மூடக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. இன்னொரு தடவ போடு."

இரண்டாம் தடவை அவர் பையைப் பார்க்கவில்லை. திரைக்கு நெருங்கிப் போய், பைக்கும் அப்பால் தண்ணீரில் சின்னதாக நகர்ந்துபோன மாலையை விரலால் தொட்டார். "அதோ, போறாரு பாரு," என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். மகளும் அழுதாள். கேமராக்காரன் தன் கேமராவை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டான்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தவர், "போட்டுக் காட்டு. ஆனா யாரு பைன்னு சொல்லித்தான் காட்டணும். வேற யாரு பேரும் கெட்டுப் போவக் கூடாது," என்றார்.

"நீங்களே சொல்றீங்களா, ஆண்ட்டி?" என்று கேட்டேன். என் வாயில் எப்படி வந்ததென்று தெரியவில்லை. அவர் எழுந்து உள்ளே போனார். முகத்தைக் கழுவி, வேறு உடை மாற்றி, தலை வாரிக்கொண்டு வந்தார். நான் மைக்கை அவர் பக்கம் வைத்தேன். அவர் குரல் நடுங்கவில்லை.

"அந்தச் செவப்புப் பை எங்க வீட்டுப் பை. அன்னிக்கு நான் திரும்பிப் பாக்கல. இன்னிக்குத்தான் பாத்தேன்."