சிதம்பரநாதனின் ஒப்பாரிக் கட்டுரை

கட்டிய கணவரின் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்: சிதம்பரநாதன். பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் இளையவர். அண்ணன் சண்முகராஜாதான் முதலாளி. இவர் பெயருக்குப் பங்காளி. காலையிலிருந்து கஜக்கோலும் கையுமாக நிற்பார், நினைப்பு மட்டும் கடையில் இருக்காது. இரண்டு கஜம் கேட்டவருக்கு இரண்டரை கிழித்துக் கொடுத்துவிட்டு, அண்ணனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அந்த நினைப்பு கொழும்பில் இருந்தது. அங்கே ஓர் ஆராய்ச்சிச் சங்கம். படித்தவர்கள் கூடி, இந்தத் தீவின் சனங்களைப் பற்றியும் அவர்களுடைய சடங்குகளைப் பற்றியும் கட்டுரை வாசிப்பார்கள். நல்லதாகப் பட்டதை ஆங்கிலச் சஞ்சிகையாக அச்சிடுவார்கள். இவர் சந்தா கட்டி அதைத் தபாலில் வரவழைத்துப் படிப்பார். பதுளைக்கு ரயில் வராத காலம் அது. ஒருமுறை சரக்கெடுக்க பண்டாரவளை போய் ரயிலேறிக் கொழும்புக்குப் போனவர், சரக்கை மறந்து சங்கத்தின் கூட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அன்று மேடையேறிய ஒரு கனவான், தோட்டத்துத் தமிழருக்குக் கூலியும் சாராயமும் தெரியும், சொந்தமாக ஒரு பாட்டோ சிந்தனையோ கிடையாது என்று பேசினாராம். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்களாம்.

வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை.

"பாட்டே இல்லையாம்ல, புஷ்பம்! என்ன தைரியம் பாரு! அதே சஞ்சிகையில அந்தப் பாட்ட அச்சுல ஏத்தி, அவங்க கண்ணு முன்னால காட்டல, நான் சிதம்பரநாதன் இல்ல."

"அச்சுல நாளைக்கு ஏத்திக்கலாங்க. இப்ப சோத்தச் சாப்பிடுங்க" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மனிதர் பிடித்த பிடியை விடவில்லை. ஒப்பாரியைப் பற்றி எழுதப்போவதாகத் தீர்மானித்துவிட்டார். தோட்டத்து லயங்களில், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீடுகளில், ஒரு சாவு விழுந்துவிட்டால் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடுவார்களே, அது. நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஓர் ஆம்பிளை பென்சிலோடு போய் உட்கார முடியுமா? பிணமே எழுந்து அடிக்க வரும். ஆகவே கேட்டுக்கொண்டு வருகிற வேலை என் தலையில் விழுந்தது.

நமுனுகுல சரிவில், பசறைக்கு மேலே கல்லாத்துத் தோட்டத்தில் அங்கம்மா என்று ஒருத்தி. கொழுந்து பறிக்கிறவள். எந்த லயத்தில் சாவு என்றாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் போகும். அவ்வளவு பாட்டு அவள் வாயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்க எங்கள் கடைக்கு வந்தவளை உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, விஷயத்தைச் சொன்னோம். அவள் கிளாசைக் கீழே வைத்துவிட்டாள்.

"சாவு இல்லாம ஒப்பாரி பாடக் கூடாதுங்கம்மா. பாடுனா அந்த வீட்டுக்கு ஆகாது. யாரு செத்தாங்கன்னு நான் அழுவுறது?"

"சும்மா யாரையாச்சும் நெனச்சுக்கிட்டுப் பாடேன், அங்கம்மா" என்றார் இவர்.

"யாரைங்க ஐயா நெனச்சுக்கிறது? ஒங்களையா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அங்கம்மா சிரிக்கவில்லை. "எம் புள்ள ஒன்னு போன மழைக்குச் செத்துப்போச்சுங்க. அதுக்குன்னா அழுவுறேன். அது எனக்கு இன்னும் தீரல. ஆனா வீட்டுல வேணாம், லயத்துலயும் வேணாம். ஆத்தோரமா வாங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு மாட்டுவண்டி பிடித்துப் போனோம். இவரை வண்டியோடு பாதையில் நிறுத்திவிட்டு நான் மட்டும் ஆற்றோரம் இறங்கினேன். ஒப்பாரிக்குத் தோள் கொடுக்க ஒருத்தி வேண்டும். தனியாக அழ வராது. அங்கம்மா என் தோளைப் பிடித்தாள், நான் அவள் தோளைப் பிடித்தேன். அவள் பாட்டை எடுத்தாள்.

கொழுந்து மலையேறி நான் கூடை எடுக்கையிலே
கொள்ளிக் காய்ச்சலிலே நீ கூப்பிட்ட சத்தமென்ன
பெரட்டுக் களத்திலே நான் பிச்சையாக் கேட்டேனே
மாரிசாமிக் கங்காணி மனமெறங்கிப் பாக்கலையே

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவது. குழந்தைக்குக் கொதிக்கிறது, இன்றைக்கு நிற்கட்டுமா என்று அங்கம்மா கேட்டிருக்கிறாள். ஆட்களை மேய்க்கிற மாரிசாமிக் கங்காணி விடவில்லை. கூடையோடு திரும்பி வந்தபோது பிள்ளை இல்லை. இதைப் பேச்சாக அவள் எனக்குச் சொல்லவே இல்லை. பாட்டில்தான் சொன்னாள், திரும்பத் திரும்ப. நான் வாய்விட்டு அழுதேன். பிள்ளை பெறாதவள் நான்; எனக்கு அந்த அழுகை எங்கேயிருந்து வந்ததோ தெரியாது. வண்டி பதுளைக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் சொல்லச் சொல்ல இவர் எழுதிக்கொண்டே வந்தார். வண்டி ஆடிய ஆட்டத்தில் எழுத்தெல்லாம் கோணல்மாணலாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மனிதர் குடியிருக்கவில்லை, கட்டுரைதான் குடியிருந்தது. சங்கத்தின் விதிகள் அப்படி. தாளின் ஒரு பக்கத்தில்தான் எழுத வேண்டும். ஓரத்தில் நாலு விரல் இடம் விட வேண்டும். ஒவ்வொரு வழக்கத்துக்கும் அடிக்குறிப்பு வேண்டும். இவர் 'ராசாத்தி' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி எழுதி அடித்தார். "மகாராணின்னு எழுதுனா இங்கிலாந்துல இருக்கறவங்கள நெனப்பாங்க" என்று புலம்புவார். தட்டச்சு செய்தவர் ஷுக்ரி, கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் கிளார்க்காக இருந்தவர். தங்கமான மனிதர். அவரே ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "பாட்டுக்கு விளக்கம் எழுதுறீங்க, சரி. விளக்கத்துக்கும் விளக்கமா? என்ட விரல் தேயுது, ஐயா" என்றார்.

தட்டச்சான தாள்கள் வந்ததும் பிழை பார்க்க உட்கார்ந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த படிப்பு எனக்கு அதற்காவது உதவட்டும் என்று. அங்கம்மாவின் பாட்டுக்கு வந்தபோது திக்கென்றது. 'மாரிசாமிக் கங்காணி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மலையாளுங் கங்காணி' என்று இருந்தது.

"ஏங்க, இது யாரு பாடுனது?"

"அது... பேரு போட்டா அந்தப் பொம்பளைக்குத்தான் ஆபத்து, புஷ்பம். பெரிய கங்காணி சும்மா விடுவானா? லயத்த விட்டே தொரத்திருவான்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேறொன்றும் தெரியுமே. கல்லாத்துத் தோட்டம் முழுவதற்கும் தீபாவளித் துணி எடுப்பவர் அந்த மாரிசாமிக் கங்காணி. எடுப்பது எங்கள் கடையில். அந்த வியாபாரம் கைவிட்டுப் போனால் அண்ணன் வீட்டையே இரண்டாக்கிவிடுவார். இவருக்கும் அது தெரியும். நான் சொன்னேன். இவர் கோபித்துக்கொண்டு வெற்றிலையைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். கட்டுரை அப்படியே தபாலில் போனது.

சங்கத்திலிருந்து பதில் வந்தபோது மனிதர் கடைக்குள் குதித்த குதி இருக்கிறதே! ஏற்றுக்கொண்டார்கள். கீழே இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தார்கள். பாட்டுகள் பாடியவர் வாயிலிருந்து வந்தபடியே, ஒரு சொல்லும் மாறாமல் இருப்பதாக எழுதியவர் கையொப்பமிட வேண்டும். யார் பாடினார், எங்கே, யாருக்காக என்றும் தர வேண்டும். இல்லாவிட்டால் அச்சேறாது.

குதி நின்றுவிட்டது. இரண்டு நாள் அப்படி அலைந்துவிட்டு, "போட்டுர்றேன் புஷ்பம். ஒரு கையெழுத்துதானே? யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"எனக்குத் தெரியும். அங்கம்மாவுக்குத் தெரியும். பாட்டே இல்லைன்னு சொன்ன அந்தக் கனவானே தேவலைங்க. அவரு இல்லைன்னு சொன்னாரு, நீங்க இருக்கறத மாத்திட்டு இதுதான்னு சொல்றீங்க."

அடிக்க வருவாரோ என்று நினைத்தேன். இவர் அப்படிப்பட்டவர் இல்லை, அழுதுவிட்டார். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. பாவம், ஆயுசுக்கும் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அதுவும் இப்படி வந்து தொண்டையில் நிற்கிறதே!

"ஆபத்து அந்தப் பொம்பளைக்குன்னுதானே சொல்றீங்க? அவகிட்டயே கேட்டுருவோம்" என்றேன்.

மறுபடி மாட்டுவண்டி, மறுபடி ஆற்றோரம். இந்த முறை இவரும் இறங்கி வந்தார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள் அங்கம்மா. இவர் பாடாமல், பாடம் ஒப்பிப்பதுபோல் படித்தார். நாலாவது வரியில் அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"கங்காணி பேரு எங்கங்க?"

"ஒனக்கு வம்பு வரக் கூடாதுன்னு எடுத்துட்டேன்மா."

"எனக்கென்னங்க வம்பு? பாடையத் தூக்கையில கங்காணி எங்க வாசல்லதான் நின்னாரு. அவரு மூஞ்சிக்கு நேராத்தான் பாடுனேன். எழவு வீட்டுல பொம்பள பாடுனதுக்கு ஆம்பள கோவிச்சுக்கிறது எங்கள்ல கெடையாதுங்க. கேட்டுக்கிட்டுத் தலையக் குனிஞ்சுதான் நிக்கணும். நின்னாரு."

இவர் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். ஒப்பாரி பற்றி அத்தனை அடிக்குறிப்பு எழுதினாரே, இந்த வழக்கத்துக்கு ஒன்றும் எழுதவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழவு வீட்டுக்குள் ஆம்பிளைக்கு என்ன தெரியும்?

ஆனாலும் மனிதர் நேர்மையாக ஒன்று சொன்னார். "அங்கம்மா, எழவு வீட்டுல பாடுறது வேற, அச்சுல வர்றது வேற. அச்சுல வந்தா தோட்டத்து வெள்ளக்காரத் தொரை படிப்பாரு. கங்காணிய அவரு கூப்பிட்டுக் கேட்டா, அப்பறம் கங்காணி தலையக் குனிஞ்சு நிக்க மாட்டான். ஒம்மேல பாய்வான். எனக்கும் அவன் யாவாரம் போயிரும். அந்தப் பயத்துலதான் பேர எடுத்தேன். ஒன்னச் சாக்காச் சொன்னேன்."

அங்கம்மா யோசித்தாள். பயம் அவள் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. துரை என்ற சொல்லுக்கே தலைத்துணியை எடுத்துவிடுகிற சனம்.

"எடுத்துப்புட்டா எம் புள்ள எதனால செத்துச்சுன்னு யாருக்குங்க தெரியும்? போடுங்க. எம் பேரையும் போடுங்க" என்றாள். "மேல என்ன எழுதியிருக்கு? அதையும் படிங்க."

யாருக்காகப் பாடியது என்ற இடத்தில் 'ஒரு பெண் குழந்தை' என்று எழுதி வைத்திருந்தார். அதைத் தமிழில் சொன்னார். ஒப்பாரியில் செத்தவரைப் பேர் சொல்லி அழைப்பதில்லை; பொன்னே, கண்ணே, ராசாத்தி என்றுதான். அதனால் அத்தனை நாளும் அந்தப் பேர் எங்கள் காதில் விழவே இல்லை.

"ஒரு பொண்ணா?" என்றாள் அங்கம்மா. "பெரியாயிங்க. எங்க ஆத்தா பேரு."

இவர் பென்சிலை எடுத்தார். கங்காணி பெயரோடு தாய், பிள்ளை இரண்டு பெயரையும் எழுதி, கீழே கையெழுத்தையும் அங்கேயே, என் முதுகில் தாளை வைத்தே போட்டார்.

சஞ்சிகை வந்தது. அந்தத் தீபாவளிக்கு மாரிசாமிக் கங்காணி வேறு கடைக்குப் போனார். அண்ணன் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார், நாங்களும் வேறு வீடு பார்த்துப் போனோம். அங்கம்மாவை மேல் மலைக்கு மாற்றினார்கள். அங்கே ஏறி இறங்கவே சீவன் போய்விடும். துரத்தவில்லை. எழவு விழுந்தால் அவளுக்கு ஆள் போவதும் நிற்கவில்லை.

சஞ்சிகையை எடுத்துக்கொண்டு நாங்கள் அவளைப் பார்க்கப் போனோம். ஆங்கிலத்துக்குக் கீழே தமிழ் எழுத்திலேயே பாட்டு இருந்தது. அதற்கு மேலே பெயர்கள். இவர் தன் பெயரைக் காட்டவில்லை. அவள் விரலைப் பிடித்து 'பெரியாயி' என்ற இடத்தில் வைத்தார்.

அங்கம்மா விரலை எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்தாள். விரலுக்கடியில் அந்தப் பெயர் முழுவதும் மறைந்தது.

"இவ்வளவு சின்னதாவா இருக்கு?" என்றாள். பிறகு, "அவளும் சின்னவதாங்க" என்றாள்.