எதிர்ச் சுவர் ஆணியில் தொங்கிய பாட்டில்

இதை நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனால் இது நடந்தது என் மச்சினனுக்கு. அவனுக்குக் கற்பனை என்பது மருந்துக்கும் கிடையாது. சினிமாவில் கதாநாயகி விஷம் குடித்துச் சாகும்போதுகூட, "அந்தக் கிளாஸைக் கழுவினாங்களா?" என்று கேட்கிற ஜென்மம். அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

வீட்டில் அவனுக்குச் சோப்பு என்று பெயர். அடுத்தவருக்குச் சோப்பு போடுகிறவன் என்று நினைக்க வேண்டாம். தன் கைக்கே போட்டுக்கொள்கிறவன். பல் செட் செய்யும் லேபில் வேலை. நாள் முழுக்க ஊரார் வாயின் அச்சுகளோடு மல்லுக்கட்டுவதாலோ என்னவோ, எச்சில் என்றாலே அவனுக்குக் குமட்டும். கூடப் பிறந்த அக்கா, அதாவது என் மனைவி, குடித்த டம்ளரைக்கூடத் தொட மாட்டான்.

அவனுடைய அண்ணன் இதற்கு நேர் எதிர். பஸ் டிரைவர். யார் தட்டிலும் கை வைப்பார், யார் துண்டிலும் முகம் துடைப்பார். பல வருஷமாக ஒரே ரூட்டில் ஓட்டி அவருக்கு அலுத்துவிட்டது. "பெல் சத்தமே இல்லாத ரோட்டுல போகணும்டா" என்று சொல்லி, தம்பியையும் இழுத்துக்கொண்டு வடக்கே ஒரு பனிமலைக்குக் கிளம்பினார். சைக்கிளில். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பைகள், மேலே கூடாரம். மேலே இரண்டு சிகரங்களுக்கு நடுவே இருக்கிற கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஊரில் இறங்குவதாகத் திட்டம்.

கணவாய்க்கு ஏறிய அன்று காலையிலேயே அண்ணனுக்குத் தலைவலி. பிறகு வாந்தி. உச்சியை நெருங்கும்போது மனிதர் குடித்தவர் போலத் தள்ளாடினார். இருமினால் நெஞ்சுக்குள் தண்ணீர் தளும்புகிற சத்தம். அந்த உயரத்தில் காற்று போதாமல் சிலருக்கு இப்படி ஆகும். உடனே கீழே இறங்கினால்தான் பிழைப்பார்கள் என்று சோப்புக்குத் தெரியும். ஆனால் போனில் சிக்னல் இல்லை. பின்னால் மண் சரிந்து கிடந்தது. அதைச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் இவர்களே தாண்டியிருந்தார்கள். எந்த வண்டியும் வர வழியில்லை. இருட்டுவதற்குள் இறக்காவிட்டால் அண்ணன் இல்லை.

அண்ணன் தாடியில் வழிந்த வாந்தியைத் துடைத்துக் கழுவியதிலேயே சோப்பின் பாட்டில் காலி. அண்ணனுடைய பாட்டில் கல்லாக உறைந்திருந்தது.

"தண்ணி... தண்ணிடா..."

கணவாயின் உச்சியில் ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அந்த வழியில் போகிற சைக்கிள்காரர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. ஏறி முடித்தவர்கள், இனி இறக்கம்தானே என்று, மிச்சத் தண்ணீரைப் பாட்டிலோடு அங்கே மாட்டிவிட்டுப் போவார்கள். தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளலாம். சோப்பு உள்ளே நுழைந்தான். வலது பக்கச் சுவரில் வரிசையாக ஆணிகள், ஏழெட்டு பாட்டில்கள். எல்லாம் உறைந்து கட்டியாகக் கிடந்தன.

எதிர்ச் சுவரில் ஒரே ஒரு ஆணி. அதில் ஒரே ஒரு பாட்டில். அதைக் குலுக்கினான். தண்ணீர் ஆடியது.

மற்றதெல்லாம் உறைந்திருக்க இது மட்டும் எப்படி என்று அவனுக்குத் தோன்றவில்லை. வெளியே அண்ணன் இருமிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தான். வெதுவெதுப்பு. லேசான கொழகொழப்பு. லேபில் பழைய பல் செட்டுகளை ஊறவைக்கிற கிண்ணத்தின் வாடை. ஆனால் வேறு தண்ணீர் கிடையாது. பாட்டிலின் வாயைச் சட்டையில் நாலு தடவை அழுத்தித் துடைத்து, அண்ணனிடம் நீட்டினான்.

அண்ணன் ஒரே மூச்சில் பாதியை முடித்தார். கண்ணில் வெளிச்சம் வந்தது. "போலாம்டா" என்றார்.

இறங்க ஆரம்பித்தார்கள். மிதிக்கத் தெம்பில்லாவிட்டாலும் பிரேக் பிடிக்கத் தெம்பிருந்தது அவருக்கு. டிரைவர் கை ஆயிற்றே! அண்ணன் முன்னால், சோப்பு பின்னால். பாட்டில் சோப்பின் சைக்கிளில். மணி மூன்றேகால். பட்டப்பகல்தான். ஆனால் மூடுபனி இறங்கி, அண்ணனின் சிவப்புப் பை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

மிதிக்காமல் உருளும்போது சைக்கிளின் பின்சக்கரத்தில் டிக்டிக்கென்று ஒரு சத்தம் வருமே, அது ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு மாதிரி. அண்ணனுடையது கரகரவென்று கேட்கும். சோப்புடையது மெல்லிசு. இரண்டும் அவனுக்கு மனப்பாடம்.

மூன்றாவதாக ஒன்று கேட்டது.

டொக்... டொக்... டொக்...

பின்னாலிருந்து. மெதுவாக. இவர்கள் போகிற வேகத்துக்கு அப்படி மெதுவாகக் கேட்க முடியாது. அவன் திரும்பிப் பார்த்தான். வெறும் பனி. எதிரொலியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

முதல் திருப்பத்தில் அண்ணன் நின்றார். சோப்பும் நின்றான். இரண்டு சக்கரங்களும் அடங்கின.

டொக்... டொக்... டொக்.

அப்புறம்தான் அது நின்றது.

"யாராவது வர்றாங்களாண்ணே?"

"தண்ணி குடு."

சோப்பு பாட்டிலை எடுத்தான். பாட்டிலின் வாய் ஈரமாக இருந்தது. பனியின் ஈரம் என்று நினைத்தான். ஆனால் பனி சுடுமா? இப்போதுதான் யாரோ உதட்டிலிருந்து எடுத்தது போல அது சூடாக இருந்தது. விரலை எடுத்தான். மெல்லிய நூல் ஒன்று விரலோடு நீண்டு, தொங்கி, அறுந்தது.

எச்சில்.

அவன் கையைக் கல்லில் தேய்த்தான். தோல் உரியும்வரை தேய்த்தான். அதற்குள் அண்ணன் பாட்டிலைப் பிடுங்கிக் குடித்துக் காலி செய்திருந்தார்.

"நீ குடிச்சியாண்ணே, வழியில?"

"பாட்டில் உன்கிட்டதானடா இருந்துச்சு."

மறுபடி இறக்கம். டொக்... டொக்... இப்போது இன்னும் பக்கத்தில். பிடரியில் ஒரு மூச்சு பட்டது. ஈரமான மூச்சு. அதே வாடை. சோப்பு திரும்பவில்லை. திரும்பினால் முகத்துக்கு நேராக ஒரு வாய் இருக்கும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தோன்றியதாம்.

நாலு மணிக்கு இன்னொரு திருப்பம். பாட்டிலைப் பார்த்தான். அண்ணன் காலி செய்த பாட்டில்.

விளிம்புவரை நிறைந்திருந்தது.

மேலே நுரை. இளஞ்சிவப்பு நுரை. அதற்குள் ஒரு முடி, சுருண்டு...

"குடுடா."

"வேணாம்ணே. அசிங்கம்ணே இது."

"இனிப்பா இருக்குடா... குடுடா..."

அண்ணன் பாய்ந்தார். அத்தனை நேரம் நிற்க முடியாத மனிதர்! பாட்டிலைக் கடித்து, கைக்குழந்தை போல உறிஞ்சினார். கடைவாயில் நுரை வழிந்தது. கண் சொருகியது. இன்னும் ஒரு வாய் போனால் அண்ணன் போய்விடுவார் என்று சோப்புக்குப் பட்டது. அவர் தாடையை அழுத்தித் திறந்தான். எச்சில் சிறுகுடல் போல நீண்டு வந்தது. பாட்டிலைப் பிடுங்கி, பள்ளத்தில் வீசினான்.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.

வேறு சத்தம் கேட்டது. பள்ளத்திலிருந்து.

மடக்... மடக்... மடக்...

யாரோ குடிக்கிற சத்தம்.

அண்ணனைத் தூக்கிச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளினான். இறங்கினார்கள்.

டொக்... டொக்...

இப்போது அது பின்னால் இல்லை.

முன்னால். அண்ணனுக்குப் பக்கத்தில்.

ஐந்தே முக்காலுக்குக் கீழே இருந்த சுகாதார நிலையத்தை அடைந்தார்கள். அங்கே ஒரே ஒரு நர்ஸ்தான்; நல்லவேளை, தமிழ் தெரிந்தவர். அண்ணனுக்கு ஆக்சிஜன் வைத்தார். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்றார். சோப்பு வாசல் குழாயடியில் நின்று சோப்புக்கட்டி கரையக் கரையக் கை கழுவினான். பிறகு பாட்டில் விஷயத்தை மெதுவாகச் சொன்னான்.

நர்ஸின் முகம் மாறியது. "எந்தச் சுவத்துல இருந்து எடுத்தீங்க?"

"எதிர்ச் சுவர். தனியா ஒரு ஆணி."

"அதை யாரும் எடுக்க மாட்டாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

சில வருஷங்களுக்கு முன்னால் அந்தக் கொட்டகையில் ஒரு சைக்கிள்காரன் செத்துப்போனான். அவனுக்கும் இதே நெஞ்சு நீர். தண்ணீரெல்லாம் ஐஸாகக் கிடந்தது. சில்லென்று ஒரு சொட்டுகூட அவனுக்கு இறங்கவில்லை.

"கூட வந்தவன், ஐஸை உடைச்சு உடைச்சுத் தன் வாயில வெச்சு, சூடானதும் அந்தப் பாட்டில்ல துப்பிக் குடுத்திருக்கான். ராத்திரி பூரா. அதைத்தான் குடிச்சான். அப்படியும் பிழைக்கல" என்றார் நர்ஸ். "அதுல இருந்து அந்தப் பக்கம் போற சைக்கிள்காரங்க, அவன் தாகத்துக்குன்னு ஆளுக்கு ஒரு வாய் அதுல துப்பிட்டுப் போறாங்க."

சோப்பு குழாயடிக்குத் திரும்ப ஓடினான். வாந்தி எடுத்தான். ஒன்றும் இல்லாத வயிற்றிலிருந்து பச்சையாக எடுத்தான். ஊர்பேர் தெரியாத நூறு பேரின் எச்சில். அதைத் தன் நாக்கிலும் வைத்து, அண்ணன் வாயிலும் ஊற்றியிருக்கிறான். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது நாக்கைத் துணியால் துடைக்கிறான், பாவம்.

அண்ணனிடம் இதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தான். என்னிடம் மட்டும் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டான். நானும் என் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. அண்ணன் ஊர் திரும்பினார், உடம்பு தேறியது, பழைய ரூட்டில் பஸ் ஓட்டப் போய்விட்டார். உயிர் மிஞ்சியதே பெரிது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

போன வாரம் அவன் அண்ணி போன் செய்தார். சோப்பு அப்போது என் வீட்டில்தான் இருந்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, உங்க அண்ணன் போக்கே சரியில்ல. படுக்கறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி எடுத்து, முழுங்காம அப்படியே வாயில வெச்சுட்டு உக்காந்திருக்காரு. அப்புறம் ஒரு பாட்டில்ல துப்புறாரு. மறுபடி ஒரு வாய். பாட்டில் ரொம்பற வரைக்கும். கருமம், எனக்குப் பாத்தாலே ஒமட்டுது. அதை ஜன்னல் ஓரம் வெச்சுட்டுப் படுக்கறாரு. காலைல பாத்தா காலியா இருக்கு."

சோப்பு வாயைப் பொத்திக்கொண்டான். நான்தான் கேட்டேன், ஏன் இப்படிச் செய்கிறார் என்று.

"நானும் கேட்டேங்க. 'அவனுக்குச் சில்லுன்னு குடுத்தா இறங்காதுல்ல'ங்கறாரு."