பீரோவின் நான்காவது கால்

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் எங்கள் ஆபீஸின் புது கார்டு பீரோவைப் பற்றி ஒரு பாட்டம் பெருமை அடித்துக்கொண்டேன். ஞாபகம் இருக்கிறதா? ‘இனி செங்கல்பட்டில் ஒரு பைலைக் கண்டுபிடிக்க அரை நிமிஷம் போதும்’ என்று எழுதியது நான்தான். பாராட்டி இன்லண்ட் லெட்டர் போட்டவர்கள் பதினோரு பேர்.

அந்தப் பதினோரு பேரும் தயவுசெய்து பாராட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் எழுத்தாளனாக இருப்பது வாரத்தில் ஒருநாள்தான். மிச்ச நாளெல்லாம் ஓர் அரசு ஆபீசில் ஹெட் கிளார்க். அங்கே பைல்கள் சிவப்புத் துணி மூட்டைகளில் கிடந்தன. எது எங்கே என்பது அட்டெண்டர் கோவிந்தனுக்கும் கரப்பான்பூச்சிகளுக்கும் மட்டும்தான் தெரியும். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது — இனி ஒவ்வொரு பைலுக்கும் ஒரு நம்பர், ஒரு கார்டு. கார்டுகளை அடுக்க இருபது டிராயர் வைத்த இரும்பு பீரோ. எல்லாவற்றுக்கும் பொறுப்பு, அடியேன்.

பெரிய அதிகாரி பார்வையிட வந்த அன்று காலையில்தான் பீரோ வந்து இறங்கியது. பழைய கட்டடம், மேடும் பள்ளமுமாகத் தரை. டிராயரை இழுத்தால் பீரோ ‘டக்’ என்று ஒரு பக்கம் சாய்ந்தது. வாசலில் ஜீப் சத்தம் கேட்டுவிட்டது. என்ன செய்வது? இன்னும் கார்டு போடாத பைல்கள் தரையில் குவிந்து கிடந்தன. ஒன்றை உருவினேன். கோவிந்தன் பீரோவைத் தூக்கிப் பிடிக்க, ஆடிய காலுக்கு அடியில் செருகினேன்.

“சரியான கனம்” என்று சொன்னதுகூட நினைவிருக்கிறது.

மறுநாள் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். தட்டல் வாங்கியவனுக்கு மறுநாள் எதுதான் ஞாபகம் இருக்கும்?

சில நாள் கழித்து ஜைத்தூன் பீ வந்தார். திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நாஸ்தா கடை வைத்திருப்பவர். கணவர் காலமாகிவிட்டார். மகள் மும்தாஜுக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. இருப்பிடச் சான்றிதழையும் ஒரிஜினல் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தால் சேர்ந்துவிடலாம். சான்றிதழுக்கு மனுப் போட்டபோது அந்தப் புத்தகத்தையும் எங்களிடம்தான் கொடுத்திருந்தார்.

“கார்டு இல்லம்மா,” என்றேன், டிராயரை மூடிக்கொண்டே.

“உங்க கைலதான் சார் குட்த்தேன்.”

“கார்டு இல்லேன்னா பைல் இல்ல. பைல் இல்லேன்னா நீங்க குடுக்கல.”

எவ்வளவு தெளிவான கணக்கு, பார்த்தீர்களா? அந்தக் குரலை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மறுபடி மறுபடி வந்தார். வந்த ஒவ்வொரு நாளும் கடை மூடல். மூன்றாம் முறை சொன்னார்: “புக்கு இல்லாங்காட்டி சீட்டு பூடும் சார். சீட்டு பூட்ச்சுன்னா அவ சித்தப்பா நிக்காவ முட்ச்சிடுவாரு. மாப்ள பாத்து வெச்சிகினு கீறாரு.”

“வீட்ல நல்லா தேடிப் பாருங்க,” என்றேன்.

“குவியல்ல ஒருவாட்டி பாக்கலாமா சார்?” என்றான் கோவிந்தன். “கார்டைப் பாரு, போதும்,” என்றேன். நான்காம் முறை குரலை உயர்த்தினேன். பொய் சொல்லாதீர்கள் என்றேன். ஆமாம்... பத்துப் பேர் நிற்கிற வராந்தாவில், அந்த வார்த்தையையே சொன்னேன்.

பயிற்சிப் பள்ளி கொடுத்த கெடு ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. போன செவ்வாய்க்கிழமை ஐந்தாம் முறையாக வந்தார். புத்தகமாவது கிடைக்காதா என்று கேட்கத்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து வந்ததில் தலை சுற்றியிருக்கிறது. உள்ளே வந்து பீரோவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். கோவிந்தன் தண்ணீர் கொடுத்தான். பாதி குடித்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அது என் பொடவத் துண்டு சார்.”

பீரோவின் காலுக்கு அடியில் பச்சையாக ஒரு நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மனுக் கொடுத்த அன்று, காகிதங்களைச் சேர்த்துக் கட்ட டேக் ஸ்டாக் இல்லை என்று சொன்னவன் நான். எங்கள் ஆபீசில் டேக், குண்டூசி, வெள்ளைத் தாள் எல்லாம் மனுதாரர்தான் கொண்டுவர வேண்டும் — எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். அவர் யோசிக்கவேயில்லை. புடவை ஓரத்தைக் கிழித்துக் கட்டிக் கொடுத்தார். நான் மறந்துவிட்டேன். கிழித்தவர் மறப்பாரா?

பேச்சுக் கேட்டு எங்கள் ஆபீசர் தன் அறையிலிருந்து வந்தார். “யாருய்யா பைலக் கொண்டுபோய் இங்க வெச்சது?”

நான்தான் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? கோவிந்தனைப் பார்த்தேன்.

“என்னிய இன்னாத்துக்கு சார் பாக்குற? நீதான வெச்ச,” என்றான் அவன்.

இருவருமாக பீரோவைத் தூக்கினோம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் அட்டையில் இரும்புக் காலின் வட்டம் ஆழமாகப் பதிந்திருந்தது. ஜைத்தூன் பீ முந்தானையால் அதைத் துடைத்தார். போகவில்லை. மறுபடியும் துடைத்தார். அவர் திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

சான்றிதழ் இருபது நிமிஷத்தில் கையெழுத்தாகிவிட்டது. மறுநாள் லீவு போட்டுவிட்டு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவரோடு பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டார். “திங்கக்கெழமையே அடுத்த பொண்ணுக்குக் குடுத்துட்டோமே சார். அடுத்த வருஷம் வரச் சொல்லுங்க.”

அங்கிருந்து நேராகத் திருக்கழுக்குன்றம். சித்தப்பா வாசலிலேயே நின்றிருந்தார். “நீங்க யாரு?”

என்ன சொல்வது? பத்திரிகையில் எழுதுகிறவன் என்றா?

“அந்தப் பைல பீரோவுக்கு அடியில வெச்ச ஆளு,” என்றேன். நிக்காவை ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டேன். என் வாழ்நாளில் யாரிடமும் அப்படிக் கைகூப்பி நின்றதில்லை.

“மாப்ள வூட்ல காத்துகினு கீறாங்க சார்... பாக்கலாம்,” என்றார்.

அந்தப் ‘பாக்கலாம்’ எனக்கு நன்றாகத் தெரியும். ஆபீசில் தினமும் இருபது பேரிடம் சொல்கிறவன் நான்.

கிளம்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து மும்தாஜின் குரல் வந்தது. “சார், இந்த சர்டிபிகேட்டு அடுத்த வருசம் செல்லுமா? இல்ல, மறுபடி மனு குடுக்கணுமா?”

செல்லாது. மறுபடி கொடுக்கத்தான் வேண்டும். “நானே வந்து மனுவ வாங்கிக்கிறேம்மா,” என்றேன். என்னை நம்ப அந்தப் பெண்ணுக்கு என்ன காரணம் இருக்கிறது?

பீரோ இப்போது மூன்று காலில் நிற்கிறது. டிராயரை இழுக்கும்போதெல்லாம் ‘டக்’ என்று சாய்கிறது. “ஒரு செங்கல் சில்லு வெச்சிடட்டா சார்?” என்று கோவிந்தன் கேட்டான்.

வேண்டாம் என்றேன். ஆடட்டும்.