காரணம்: தண்ணி

யுத்தம் முடிந்து சில வருசங்கள் கழித்து, ஒரு பங்குனி மாதப் பகலில், புத்தளத்தில், கடல்நீர் தேங்கும் களப்பின் ஓரத்தில் நடந்தது இது. அப்போது நான் கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் பொறியியல் பிரிவுக்குத் தலைவன். என்னை மெச்சிக்கொள்ள இதை எழுதவில்லை. என் மடத்தனத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, புத்தளத்துத் தில்லையடிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அங்கே ஒரு கடையில் ரேடியோ திருத்தித்தான் தொழில் பழகினேன். பிறகு படித்து, கடைநிலைத் தொழில்நுட்பக்காரனாக நிலையத்தில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தேன். கோபக்காரன் என்று பெயர். அந்தப் பெயர் பொய்யில்லை.

எங்கள் ஒளிபரப்பைக் கற்பிட்டிப் பக்கம் கொண்டுபோகக் களப்போரத்தில் ஒரு சின்ன நிலையம் கட்டினோம். தூரத்துக் கோபுரத்திலிருந்து வரும் படத்தை ஒரு தட்டு அன்டெனா பிடித்து ஊர்களுக்கு அனுப்பும். அலை வரும் பாதையை நேரில் பார்த்து வரைந்தவன் நான்தான். நிலையத்துக்குப் பொறுப்பாக ஒருவரைப் போட்டோம். கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கர், மீன்பிடிக் குடும்பம், கைசுத்தமான வேலைக்காரர். ஒரேயொரு குறை இருந்தது. குடி. முன்பு ஒருமுறை வேலை நேரத்தில் பிடித்து, "என்ன இது?" என்று கத்தினேன். "ஓம் சேர், தண்ணிதான்" என்றார், ஒளிக்காமல். அதற்குப் பிறகு விட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

நிலையம் தொடங்கிக் கொஞ்ச நாளில் முறைப்பாடுகள் வந்தன. மத்தியானச் செய்தி நடுவில் படம் செத்துப்போகிறது, சில மணித்தியாலத்தில் தானாக வருகிறது. தினக்குறிப்புப் புத்தகத்தை வரவழைத்தேன். படம் போன ஒவ்வொரு நாளும் அவர் கையெழுத்தில் தமிழில் ஒரே வரி: "காரணம்: தண்ணி."

அதை நிர்வாகக் கூட்டத்தில் வைத்தேன்; அந்த மேசையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். "குடித்தேன் என்று எழுதியிருக்கிறான்" என்று சிங்களத்தில் சொன்னேன். மேசையே சிரித்தது. எனக்கு மானம் போனது. எங்கள் மொழிக்காரன் ஒருவன் இப்படித் தலைகுனிய வைத்துவிட்டானே என்று கொதித்து, வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். தொலைபேசியில் கூடக் கேட்கவில்லை. நானே கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று வாகனத்தில் ஏறினேன்.

விசயம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. நான் உள்ளே நுழையும்போது சாவிக்கொத்து மேசையில் இருந்தது. கருவிப் பெட்டி துடைத்து மூடியிருந்தது.

"தாங்க சேர். எங்க கையெழுத்து வைக்கோணும்?" என்றார்.

"சொல்ல ஒன்றும் இல்லையா?"

"எழுதிக் குடுத்திருக்கிறனே சேர்."

இந்தப் பதில் எனக்குத் திமிராகப் பட்டது. கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண்குரல்.

"அண்ணே! கதவு திறந்தாச்சு! படம் போகப்போகுது, பாத்துக்கங்க!"

எட்டிப் பார்த்தேன். பக்கத்து உப்பளத்தில் வேலை செய்கிற பெண். இப்போது புத்தளம் கரைத்தீவுப் பக்கத்தில் குடியிருப்பவள், எங்களைப்போல வடக்கிலிருந்து வந்த குடும்பம் என்று பிறகு தெரிந்தது. கால் முழங்கால் வரை சேறு. அவளுக்குப் பின்னால் களப்புத் தண்ணீர் பாத்திகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன கதவு?" என்று அதட்டினேன்.

"உப்புப் பாத்திக்குத் தண்ணி விடுற கதவு, நானா. தண்ணி நிரம்பினா இவர்ட படம் செத்துடும். அதான் முன்னுக்கே சொல்லிடுவன்" என்றாள், என் பேச்சிலேயே முஸ்லிம் என்று அறிந்து, "நானா" என்று அண்ணன் முறை வைத்து.

"தண்ணியா?"

"தண்ணியெண்டா தண்ணிதானே! கொழும்பில தண்ணிக்கு வேற பேரா?"

நான் திரும்பி, உள்ளே ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் செய்தி வாசிப்பவரின் முகத்தில் புள்ளிகள் விழுந்தன. பாத்தி நிரம்ப நிரம்ப முகம் கரைந்து, வெறும் இரைச்சல் மிஞ்சியது.

இதற்கு விளக்கம் எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். நேரே வரும் அலையும், தட்டையான தண்ணீரில் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; தண்ணீர் உள்பாத்திகளுக்குப் பிரிந்து மட்டம் இறங்கினால் படம் திரும்பும். நான் பாதை பார்க்க வந்த நாளில் அந்தப் பாத்திகள் கைவிடப்பட்டு, காய்ந்து வெடித்துக் கிடந்தன. மறுபடி உப்பு விளைவிப்பார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. பிழை என்னுடைய வரைபடத்தில். அதை ஒற்றைச் சொல்லில் சரியாக எழுதிவைத்தவரை நான் குடிகாரனாக்கினேன்.

கடிதத்தை அவர் முன்னாலேயே கிழித்தேன். மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது வராத வேலை. அந்தப் பெண் ஜன்னலடியில் நின்று, "இவ்வளவு படிச்சவருக்குத் தண்ணி விளங்கல்லயே!" என்று சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

அன்றே இருவருமாகக் கோபுரத்தில் ஏறி, தட்டைக் கொஞ்சங்கொஞ்சமாக இறக்கிப் பார்த்தோம். ஓரிடத்தில், பாத்தி நிறையத் தண்ணீர் நிற்கும்போதே, படம் பளிச்சென்று வந்தது. இறங்கி வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அவர் வாய் திறந்தார்.

"நீங்க அப்பிடி நினைச்சது பரவாயில்ல சேர். நான் முந்திக் குடிச்சவன்தானே. ஆனா கதை வீட்டுக்கும் வந்திட்டு. நேற்று மகள் பக்கத்தில வந்து என்ர வாயை மோந்து பாத்தாள்."

கொழும்புக்குப் போய் அதே மேசையில், அதே ஆட்களிடம், நான் சொன்ன அர்த்தம் பிழை, வரைபடமும் பிழை என்று சொன்னேன். அவர் வீட்டுக்கும் போய் மகளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓய்வுபெற்றுவிட்டேன். எத்தனையோ கோபுரம் நிறுத்தியிருக்கிறேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை; அந்த மேசையில் அவருடைய மொழி தெரிந்திருந்த ஒரே மனிதன் நான், அவரைக் கைவிட்டதும் நான்தான் என்பதுதான் நிற்கிறது.