நெளிந்த டம்ளர்

"முதலாளி வீட்டுக் கதையை வேலைக்காரி சொல்வதுபோல் எழுதுக" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை பாடத்தைச் சத்தமாக வாசித்தாள்.

நாலாம் வகுப்பில் எங்கள் டீச்சரும் இதையேதான் கேட்டார். நான் கைகட்டி எழுந்து சொன்னேன். "புறவாசல்ல கவுத்திருக்க நெளிஞ்ச டம்ளர்லதான் எங்கம்மாவுக்குக் காப்பி." 'எனக்கு' என்று சொல்லியிருக்க வேண்டும், வாய் தவறிவிட்டது. முன்பெஞ்சில் இருந்த தீப்பெட்டி முதலாளி மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா பாத்திரம் தேய்த்தது அவள் வீட்டில்தான்.

மறுநாளே அம்மாவை நிறுத்திவிட்டார்கள். "நீ சொன்னதுல பொய் இல்லட்டி" என்றாள் அம்மா. அதற்கு அவள் என்னை இரண்டு அடி அடித்திருக்கலாம். அந்த வாரமே நான் பள்ளிக்கூடத்தை விட்டுத் தீப்பெட்டி ஒட்டப் போனேன்.

"ஆச்சி, எப்படி ஆரம்பிக்க?" என்றாள் பிள்ளை.

"வேலைக்காரின்னே எழுதுட்டி. அம்மான்னு எழுதிராத."